பெட்டி செத்தால் காரணம் தெரிய வேண்டும்: மின்னணு இக்னிஷன் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு விமான என்ஜின்களுக்கு மின்னணு இக்னிஷன் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அதைச் செய்து விற்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறீர்கள். இதன் ஆங்கில வடிவம் தனியே உங்களுக்கு வரும். பொதுவில் தமிழில் எழுதுவதற்குக் காரணம், பயிற்சிப் பள்ளி ஹேங்கர்களில் இந்த என்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். சர்க்யூட் போர்டு வரைந்து பிழைக்கிறவர்களிலும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டை போட்டால் நல்லதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மேக்னெட்டோ பக்தன் இல்லை. மேக்னெட்டோ என்பது, என்ஜினின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, சிலிண்டரில் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் கருவி. ஒரு என்ஜினுக்கு இரண்டு இருக்கும். அதற்குப் பதில் மாட்டுவதுதான் உங்கள் மின்னணு இக்னிஷன் பெட்டி. 1902-ல் பாஷ் கம்பெனியில் கோட்லோப் ஹோனால்ட் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவின் வழிவந்ததுதான் இன்றைக்கும் லைகாமிங், கான்டினென்டல் என்ஜின்களின் பின்புறம் உட்கார்ந்திருக்கிறது. தரையில் ஓடினாலும் சரி, பத்தாயிரம் அடி உயரத்தில் மெல்லிய காற்றில் ஓடினாலும் சரி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 டிகிரி முன் என்று குறித்துவிட்டால் அதே 25 டிகிரியில்தான் பொறி போடும். ஸ்டார்ட் செய்யும்போது மெதுவாகச் சுற்றினால் பொறி வராது என்பதற்காக ஒரு ஸ்பிரிங் வைத்த இம்பல்ஸ் கப்ளிங். 500 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பிரித்துப் பாயின்ட், கேம், கார்பன் பிரஷ், கியர் எல்லாம் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிற கைகளைக் கேளுங்கள், மின்னணு இக்னிஷன் வேண்டுமா என்று. சுலபமான ஸ்டார்ட், சுத்தமான பிளக், உயரத்தில் எரிபொருள் மிச்சம் என்று நீங்கள் விளம்பரத்தில் சொல்வதெல்லாம் உண்மை. அதில் எனக்கு வழக்கு இல்லை.

என் வழக்கு ஒன்றே ஒன்றுதான். உங்கள் பெட்டி கெடும்போது ஏன் கெட்டது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. கெடப்போகிறது என்பதும் தெரிவதில்லை.

மேக்னெட்டோ சாவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். பாயின்ட் தேயும், பொறி விழும் நேரமான டைமிங் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், பறக்கும் முன் தரையில் என்ஜினை ஓட்டிப் பார்க்கும் ரன்-அப்பில் அது தெரியும். செஸ்னா 172எஸ் என்றால் 1800 ஆர்.பி.எம்.மில் சாவியைத் திருப்பி ஒரு பக்க மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டுவோம், அப்புறம் மறுபக்கம். எந்தப் பக்கத்திலும் 150-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்கு மேல் இருக்கக் கூடாது. தினமும் ஓட்டுகிற பயிற்றுநருக்கு அந்த ஊசி எங்கே வந்து நிற்கும் என்பது மனப்பாடம். போன வாரம் 80 குறைந்தது, இந்த வாரம் 120 குறைகிறது என்று அவர் வந்து சொல்வார். நாங்கள் என்ஜின் மூடியான கவுலிங்கைக் கழற்றுவோம். மேக்னெட்டோவின் நம்பகத்தன்மை என்று எல்லோரும் புகழ்கிறார்களே, அதில் பாதி இந்த முன்னறிவிப்புதான். அந்த இயந்திரம் அடிக்கடிதான் கெடுகிறது. ஆனால் சொல்லிவிட்டுக் கெடுகிறது.

உங்கள் பெட்டியோடு அதே சோதனையைச் செய்தால் என்ன ஆகிறது? ஒரு பக்கம் மேக்னெட்டோ, ஒரு பக்கம் மின்னணு என்று வைத்த என்ஜினில் மேக்னெட்டோவை அணைத்தால் ஊசி ஏறக்குறைய அசைவதே இல்லை. மின்னணுவை அணைத்தால் நன்றாகவே இறங்குகிறது. இரண்டுக்கும் 50 என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. அதற்குப் பதில் எந்தக் கணக்கு என்று உங்கள் கையேடுகள் தெளிவாகச் சொல்ல வேண்டும். "சற்றுக் குறையலாம்" என்ற மாதிரி ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எந்த விமானத்தைத் தரையிறக்கி நிறுத்துவது?

ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான்கு சிலிண்டர் லைகாமிங், முறையான அனுமதியோடு ஒரு பக்கம் மட்டும் மின்னணு. கோடையில் மதிய வேளை. இறங்கி, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஸ்டார்ட் செய்து ரன்-அப் போட்டால் மின்னணுப் பக்கம் என்ஜின் இருமிவிட்டு நின்றுபோகும். மறுநாள் காலையில் எல்லாம் சரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். வோல்டேஜ் சரி, எர்த் சரி, கனெக்டர் சரி. கழற்றிச் செய்தவர்களுக்கே அனுப்பினோம். "குறை எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தது, அனுப்பும் செலவுக்கான பில்லும் கூடவே. மாட்டினோம், மறுபடி அதே மதியம், அதே இருமல்.

கடைசியில் எங்களோடு இருந்த ஒரு இளைஞர் பெட்டியை மேசையில் வைத்து, ஹீட்-ஷ்ரிங்க் சுருக்க வைத்திருக்கும் ஹாட் ஏர் கன்னை அதன்மீது காட்டினார். பிளக்கில் பொறி நீலமாகத் தட்டிக்கொண்டே இருந்தது. பெட்டியின் உடம்பு கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்ததும் பொறி விட்டுவிட்டு வர ஆரம்பித்தது, அப்புறம் சுத்தமாக நின்றது. கன்னை அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி தட்டுகிறது. வீடியோ எடுத்து அனுப்பினோம். புதுப் பெட்டி வந்தது, மறுபேச்சில்லாமல். அதற்கு நன்றி. ஆனால் உள்ளே எது கெட்டது என்று இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை. அதே தொகுதியில் செய்த மற்ற பெட்டிகள் யார் யார் என்ஜினில் இருக்கின்றன என்பதும் எங்களுக்குத் தெரியாது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேக்னெட்டோ இருந்த ஓட்டையிலேயே உங்கள் பெட்டியை மாட்டச் சொல்கிறீர்கள். அது என்ஜினின் பின்பக்க அக்சசரி கேஸ். லைகாமிங் எண்ணெய்க்கு அனுமதிக்கும் உச்ச வெப்பம் 118 டிகிரி செல்சியஸ். உலோகத்தோடு உலோகம் ஒட்டி உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அந்தச் சூடு நேராக ஏறும். பறக்கும்போதாவது காற்று ஓடும். இறங்கி என்ஜினை அணைத்த பிறகு காற்றும் இல்லை, சிலிண்டர்களின் சூடு முழுக்கக் கவுலிங்குக்குள் தேங்கி நிற்கும். ஒரு நாளில் பெட்டி படும் மோசமான வெப்பம் பல சமயம் அந்த நேரத்தில்தான், அதுவும் 40 டிகிரி வெயிலில் கான்கிரீட் மேல் நிற்கும்போது. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான்கு சிலிண்டர் என்ஜின் 2700 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 90 தடவை வெடிக்கிறது என்பதும் தெரியும். அந்த அதிர்வில் ஒரு கனமான காயிலைச் சோல்டரை மட்டும் நம்பித் தொங்க விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஆகவே கேட்கிறேன். திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியையும் சூடாக்கி, அதிர வைத்துச் சோதியுங்கள். அறை வெப்பத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறை இல்லை என்று எழுதுவது சோதனை ஆகாது. பெட்டிக்குள் ஒரு வெப்ப உணரியும் சின்ன நினைவகமும் வையுங்கள். எவ்வளவு சூட்டைப் பார்த்தது, எத்தனை முறை வோல்டேஜ் சரிந்தது, பிஸ்டன் இருக்கும் இடத்தைச் சொல்லும் கிராங்க் சென்சரின் சிக்னல் எப்போது தப்பியது என்று அதுவே குறித்து வைக்கட்டும். ஏற்கெனவே மைக்ரோகன்ட்ரோலர் உள்ளே இருக்கிறது. விமானம் வாங்குகிறவன் கொடுக்கும் விலையில் இந்த நினைவகத்தின் விலை தூசு. இதைப் படிக்கத் தனிக் கருவி, தனிக் கடவுச்சொல், உங்கள் அனுமதி எதுவும் வேண்டாம். ஹேங்கரில் இருக்கும் சாதாரண லேப்டாப்பில் தெரிந்தால் போதும்.

அடுத்தது மின்சாரம். மேக்னெட்டோவுக்கு விமானத்தின் பேட்டரியோடு எந்த உறவும் இல்லை. ஆல்டர்னேட்டர் செத்து, ரேடியோ செத்து, விளக்குகள் எல்லாம் அணைந்தாலும் என்ஜின் ஓடும். உங்கள் பெட்டிகளில் பல அப்படி இல்லை.

2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஷ்பையரில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் யாரும் மறக்கக் கூடாது. டயமண்ட் டி.ஏ.42, இரட்டை என்ஜின். பேட்டரி இறங்கிப் போயிருந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்தார்கள். தரையிலிருந்து எழும்பிச் சக்கரத்தை மடக்கியபோது அந்தச் சுமையில் வோல்டேஜ் கண நேரம் சரிந்தது. இரண்டு என்ஜின்களின் கன்ட்ரோல் யூனிட்டும் ஒன்றாக ரீசெட் ஆயின. இரண்டும் ஒன்றாக நின்றன. அவை தீலர்ட் டீசல் என்ஜின்கள், பொறிக்கே அங்கே வேலை இல்லை. ஆனால் பாடம் உங்களுக்கும் அதேதான்: இரண்டு என்ஜின், இரண்டு கணினி என்று எண்ணிக்கையில் இரட்டிப்பாக இருந்தவை ஒரே மின்கம்பியில் ஒற்றையாகிப் போயின. அதற்குப் பிறகுதான் கன்ட்ரோல் யூனிட்டுக்கென்று தனிப் பேக்கப் பேட்டரி வந்தது.

இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ரோட்டாக்ஸ் 912 என்ஜினைப் பாருங்கள். 1989-லிருந்து ஓடுகிறது, நம் என்.சி.சி. மாணவர்கள் ஏறும் பிபிஸ்ட்ரல் மைக்ரோலைட்டில் இருப்பதும் அதுதான். இரண்டு தனித்தனி மின்னணு மாட்யூல்கள், அவற்றுக்கு ஃபிளைவீலிலேயே தனித்தனி காயில். பேட்டரியைக் கழற்றி வீசினாலும் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் ஓடும். அதற்கும் குறை உண்டு. சுமார் 220 ஆர்.பி.எம். வேகத்தில் கிராங்க் சுற்றவில்லை என்றால் பொறியே வராது, குளிரில் பேட்டரி சோர்ந்தால் அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறை தரையில் வரும் குறை. தரையில் நிற்கிற என்ஜினால் யாரும் சாகவில்லை.

லைகாமிங் வகைக்குப் பெட்டி செய்கிறவர்களிலும் சிலர் உள்ளேயே சிறிய ஆல்டர்னேட்டர் வைத்திருக்கிறீர்கள். ஒரு வேகத்துக்கு மேல் பெட்டி தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும். எல்லோரும் இந்த வழிக்கு வர வேண்டும் என்பது என் கட்சி. வர முடியாதவர்கள் பேக்கப் பேட்டரி தருகிறீர்கள், சரி. அந்தப் பேக்கப் உயிரோடு இருக்கிறதா என்று விமானி எப்படிக் கண்டுபிடிப்பது? ரன்-அப்பில் பிரதான மின்சாரத்தைத் துண்டித்து, பேக்கப் மட்டும் வைத்து என்ஜினை ஓட்டிப் பார்க்க ஒரு பட்டன் வேண்டும். அது செக்லிஸ்டில் அச்சாகி இருக்க வேண்டும். யாரும் சோதிக்காத பேக்கப் பேட்டரியால் விமானத்துக்குக் கிடைப்பது கூடுதல் எடை மட்டும்தான்.

ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்டேஜ் சரிவதும் இதோடு சேர்ந்ததுதான். அந்த நேரத்தில் பெட்டி ரீசெட் ஆகி, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பொறி போட்டால் என்ஜின் பின்னால் உதைக்கும். ஸ்டார்ட்டரின் மூக்கு உடைந்து கையில் வரும். சந்தேகம் இருந்தால் பொறி போடாமல் இருக்கப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இப்போது எனக்கு அதிகம் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பொறி வராமல் போவது கெட்டதுதான், ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. பொறி தவறான நேரத்தில், மிக முன்னதாக வருவதுதான் படுமோசம்.

உங்கள் பெட்டி மேனிஃபோல்டு அழுத்தத்தை, அதாவது சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பார்த்து டைமிங்கை முன்னே தள்ளுகிறது. அழுத்தம் குறைவு என்றால் கலவை மெதுவாக எரியும், ஆகவே சீக்கிரம் பற்றவை. இது சரியான கணக்கு. இந்தத் தகவல் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாய் கழன்று விழுந்தால்? சென்சர் வெளிக்காற்றைப் பார்க்கும், அழுத்தம் அதிகம் என்று நினைக்கும், டைமிங்கைப் பின்னே இழுக்கும். கொஞ்சம் எரிபொருள் வீண், அவ்வளவே. அழகான அமைப்பு. ஆனால் குழாய் மடிந்தோ அடைத்தோ, என்ஜின் ஐடிலில் இருந்தபோது உள்ளே இருந்த குறைந்த அழுத்தம் அப்படியே சிக்கிக்கொண்டால்? விமானி த்ராட்டிலை முழுதாகத் திறப்பார், சிலிண்டருக்குள் முழு அழுத்தம் இருக்கும், பெட்டி மட்டும் ஐடில் என்று நம்பிக்கொண்டு டைமிங்கை உச்சத்துக்கு முன்னே தள்ளி வைத்திருக்கும். கலவை தாறுமாறாக வெடிக்கும் டெட்டனேஷன் ஆரம்பித்தால் பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. அது நடக்கும் இடம் ஓடுபாதையின் முடிவு, திரும்பி வர உயரம் இல்லாத இடம்.

ரன்-அப்பில் இது தெரியாது. 1800 ஆர்.பி.எம்.மில் த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது, அழுத்தம் உண்மையிலேயே குறைவாகத்தான் இருக்கும். எல்லாம் ஜோராகத் தோன்றும். பெட்டிக்குத் தெரிய வைக்க முடியும் என்பதுதான் எரிச்சல். சுவிட்சைப் போட்டதும், என்ஜின் சுற்றுவதற்கு முன் அந்தச் சென்சர் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டியாக வேண்டும். காட்டவில்லை என்றால் அடைப்பு. ஆர்.பி.எம். ஆயிரத்திலிருந்து 2500-க்குப் போகிறது, அழுத்தம் அசையவே இல்லை என்றால் அடைப்பு. உடனே மேக்னெட்டோ மாதிரி நிலையான டைமிங்குக்கு இறங்கிவிட்டு, பேனலில் ஒரு மஞ்சள் விளக்கை எரிய விடுங்கள். சில வரி நிரல். டைமிங் வளைவைத் தேர்ந்தெடுக்க ஜம்பர் கம்பி வைக்கிறவர்களுக்கும் இதே விதி: அந்தக் கம்பி அறுந்தால் பெட்டி பாதுகாப்பான வளைவுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு பக்கமும் மின்னணுவே வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அமெரிக்க விதி 33.37, ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு பிளக், தனித்தனி மின்சுற்று, தனித்தனி மின்சார மூலம் என்கிறது. அல்லது அதற்குச் சமமான நம்பகத்தன்மை. ஒரே தொழிற்சாலையில், ஒரே நிரலோடு வந்த இரண்டு பெட்டிகளை ஒரே பேட்டரியில் மாட்டிவிட்டு இந்த விதியின் நோக்கம் நிறைவேறியது என்று என்னால் சொல்ல முடியாது. நிரலில் ஒரு பிழை இருந்தால் அது இரண்டிலும் இருக்கும், ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு இந்த விதி கட்டாயமில்லை, தெரியும். ஆனால் அவர்களும் அதே காற்றில்தான் பறக்கிறார்கள். தற்போதைக்கு என் பதில்: ஒன்று மேக்னெட்டோவாக, அல்லது தன் மின்சாரத்தைத் தானே செய்யும் பெட்டியாக இருக்கட்டும்.

வயரிங்கைப் பற்றி நீளமாக எழுதவில்லை. பெட்டி கெட்டது என்று சொல்லப்படுவதில் கணிசமானது கிரிம்ப், எர்த், கனெக்டர்தான், குற்றம் எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் மாட்டும் கையேட்டில் எந்தக் கிரிம்ப் கருவி, வயரை எங்கே தாங்கிக் கட்டுவது, எர்த் எந்த போல்ட்டில் என்று படம் போட்டுக் காட்டுங்கள். மின்சாரம் நேராகப் பேட்டரியிலிருந்து வர வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். காக்பிட்டில் புகை வந்து விமானி மாஸ்டர் சுவிட்சை அணைக்கும்போது என்ஜினும் சேர்ந்து அணையக் கூடாது.

கடைசியாக, இதற்குத்தான் இந்த மடலே. உங்கள் தோல்விக் கணக்கை வெளியிடுங்கள். எத்தனை பெட்டி விற்றீர்கள், எத்தனை திரும்பி வந்தன, உள்ளே எது கெட்டிருந்தது, எந்த வரிசை எண்ணிலிருந்து எந்த வரிசை எண்வரை, நிரலின் எந்தப் பதிப்பு. வருடத்துக்கு ஒருமுறை, உங்கள் இணையதளத்தில், யாரும் பார்க்கும்படி. போட்டி நிறுவனம் இதை வைத்து உங்களைக் கேலி செய்யும் என்று பயம் இருக்கலாம். மேக்னெட்டோ செய்தவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும், ஆனாலும் அவர்களின் சர்வீஸ் புல்லட்டின்கள் எங்கள் அலமாரியில் அடுக்கி இருக்கின்றன, எந்தக் கப்ளிங்கில் ரிவெட் தளரும் என்று நாங்கள் மேக்னெட்டோவைத் திறக்கும் முன்பே அறிவோம். உங்கள் பெட்டிகளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஹேங்கரிலிருந்து இன்னொரு ஹேங்கருக்கு வாட்ஸ்அப்பில் வரும் வதந்திதான். அதில் உங்களுக்கு நியாயமும் கிடைப்பதில்லை. வயரிங்கில் செத்த பெட்டியும் கண்டென்சரில் செத்த பெட்டியும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன.

அதோடு, நிரலின் பதிப்பு எண்ணைப் பெட்டியின் பெயர்ப்பலகையிலேயே பொறியுங்கள். பழுது பார்க்க வந்த பெட்டிக்குப் புது நிரல் ஏற்றினால் அதைக் காகிதத்தில் எழுதி அனுப்புங்கள், லாக் புக்கில் ஏற்ற எங்களுக்கு அது வேண்டும். நான் மேலே சொன்ன அந்த மதிய நேரத்துப் பெட்டியைச் செய்தவர்கள் இதைப் படித்தால், நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். வரிசை எண் உங்கள் கோப்பில் இருக்கும். உள்ளே எது கெட்டிருந்தது என்று மட்டும் எழுதுங்கள். அதே தொகுதிப் பெட்டியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு விமானப் பராமரிப்புப் பொறியாளர்